முள்ளில்லாத கிளை

நர்சரியில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். படித்தது எட்டாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. ஆனால் காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கையில் கத்தியோடு உட்கார்ந்து செடிகளுக்கு ஆபரேஷன் செய்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் வெட்டிய இடத்தை பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டுகிற நாத்தனாருக்கு நர்ஸம்மா என்று பெயர். இருபது வருஷம், தகரம் அடித்த ஒரே மேஜையின் இரண்டு பக்கம். ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி மூக்கைத் துடைத்துக்கொள்வாள் என்று பைகளில் மண் நிரப்புகிற பெண்கள் கேலி செய்வார்கள்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எலுமிச்சையை விதை போட்டும் வளர்க்கலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் விதையில் இரண்டு பக்கத்து ரத்தமும் கலந்து வருகிறது. பிள்ளைக்கு அம்மாவின் மூக்கு வருமா, ஊர் பேர் தெரியாத அப்பனின் காது வருமா என்று காய்க்கிற வரை காத்திருந்துதான் பார்க்க வேண்டும். கிளையிலிருந்து எடுத்தால் அந்தச் சந்தேகமே இல்லை. ரோஜாவைப் போத்து வெட்டி நட்டால் வேர் விடும். சில கொடிகளை மண்ணுக்கு வளைத்துப் பதியம் போட்டால் போதும். வாழை யாரையும் கேட்காமலே பக்கக் கன்று விடுகிறது. எலுமிச்சைக்கு மொட்டுக் கட்டுவது வழக்கம். நல்ல மரத்துக் குச்சியில், இலைக்காம்புக்கு மேலே உறங்கிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு மொட்டைப் பட்டையோடு சீவி எடுத்து, முரட்டு வேர் உள்ள காட்டு நாற்றின் தண்டைக் கீறி, அதன் பட்டைக்குள் செருகிக் கட்டிவிட்டால் மூன்று வாரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். பிறகு நாற்றின் தலையை வெட்டினால் மொட்டு தழைத்து மேலே வரும். கீழே வேர் யாருடையதோ. மேலே வருவது அந்த நல்ல மரம். அதன் பிள்ளை என்றுகூடச் சொல்லக்கூடாது. அதே மரம்தான், வேறொரு வீட்டில் போய் நிற்கிறது.

இதில் வெட்டுகிறவள் பாதி, கட்டுகிறவள் பாதி. சீவிய மொட்டு காற்றில் காயக்கூடாது. நாடா தளர்ந்தால் தண்ணீர் இறங்கி அழுகிவிடும். அதிகம் இறுகினால் மொட்டு மூச்சு முட்டிச் செத்துவிடும். டாக்டரம்மா மொட்டைச் செருகிக் கையை எடுப்பதற்குள் நர்ஸின் விரல் அங்கே வந்து நிற்கும். நடுவில் ஒரு பேச்சும் தேவைப்படாது. அவர்கள் கட்டிய நூறில் தொண்ணூற்றைந்து பிடித்தது. மற்ற ஜோடிகளுக்கு எழுபது பிடித்தால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார்கள். முதலாளி, வெளியூரிலிருந்து வரும் வியாபாரிகளை அழைத்து வந்து, கூண்டுக்குள் இருக்கிற எதையோ காட்டுகிற மாதிரி இவர்கள் இருவரையும் காட்டுவார்.

நாத்தனாரை அந்த மேஜைக்குக் கொண்டுவந்தவளே டாக்டரம்மாதான். கணவரின் தங்கை, நாற்பத்து மூன்று வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். கட்டிக்கொண்டவன் வேலைக்கென்று கப்பல் ஏறினான். முதல் வருஷம் கடிதம் போட்டான், இரண்டாம் வருஷம் வாழ்த்து அட்டை போட்டான், மூன்றாம் வருஷம் அதுவும் நின்றுபோயிற்று. அவள் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். "என்ன பண்றது?" என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். எஞ்சினைத் தவிர உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு அந்தக் கேள்விதான் வரும். மனைவிதான் முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். மனைவிதான் மறுவாரம் நர்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இடது கைப் பழக்கம், நாடாவை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறாள், சரிப்பட்டு வராது என்று மேஸ்திரி கழித்துக் கட்டப் பார்த்தபோது, "எனக்கு எதிர்ல உட்காருறவளுக்கு இடது கைதான் வசதி. என் கையை இடிக்க மாட்டா" என்று ஒரு பிடி பிடித்து உட்கார வைத்தாள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வேலிக்கு வெளியே தலை நீட்டிய எந்தக் கிளையும் அவர்களுக்குப் பொதுச்சொத்து. டாக்டரம்மாவின் கைப்பையில் எப்போதும் ஓர் ஈரத்துணி இருக்கும். வங்கி வாசலில், ஆஸ்பத்திரித் தோட்டத்தில், ஒரு தடவை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட ஒரு துண்டு கிள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். அதைத் திருட்டு என்று யாராவது சொன்னால் நர்சரியே சிரிக்கும். செடிக்கு என்ன குறைந்துபோயிற்று? ஆனால் அதற்குள்ளும் ஒரு மரியாதை இருந்தது. ஒருவர் தன் வீட்டில் தாய்ச்செடி என்று வைத்துக் காப்பாற்றுவதை மட்டும் கேட்காமல் தொடக்கூடாது. அதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அப்படி ஒன்று டாக்டரம்மா வீட்டிலும் வந்து சேர்ந்தது.

கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சை மரம். மாமனார் வைத்தது. முள்ளென்றால் அப்படி ஒரு முள். பழம் பறிக்கக் கையை விட்டால் முழங்கை வரை கோடு போட்டுத்தான் அனுப்பும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை வாரத்தில், அவசரத்துக்கு ஒரு பழம் பறிக்கப் போனவள் வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு கையை விட்டாள், பழத்தோடு எடுத்தாள். கையில் ஒரு கீறல் இல்லை. அவளுக்கு அது முதலில் உறைக்கவே இல்லை. அடுப்படி வரை போனவள் திரும்பி வந்து கிளையை விலக்கிப் பார்த்தாள். மேற்குப் பக்கத்து ஒற்றைக் கிளை, அடியிலிருந்து நுனி வரை ஒரு முள் இல்லை. அப்படி நடப்பது உண்டு. ஒரு மரம் ஆயிரம் மொட்டு விட்டால் எங்கோ ஒன்று தன் போக்கில் மாறிவிடும். அவள் இத்தனை வருஷத் தொழிலில் கேள்விப்பட்டிருக்கிறாளே தவிரப் பார்த்ததில்லை. கையிலிருந்த பழத்தை வெட்டினாள். விதை இல்லை. இன்னொன்றை வெட்டினாள். இல்லை. அந்தக் கிளையில் இருந்த பழம் அத்தனையையும் வெட்டிவிட்டு, எலுமிச்சைச் சாறு வழிகிற கையோடு துவைகல்லில் உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலமே பாப்பாவுக்குக் காட்டினாள். வேறு யாருக்குக் காட்டுவாள்? கணவருக்கும் ஒரு தம்ளரில் பிழிந்து கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று குடித்துவிட்டு அவர் டிப்போவுக்குப் போனார்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. சொந்தமாக ஒரு நர்சரி. பெரிதாக வேண்டாம், டிப்போ மதில் ஓரமாக ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது, அது போதும். ஒரு கேட், ஒரு பலகை, வாசலிலேயே முள்ளில்லாத, விதையில்லாத எலுமிச்சை. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாதது. முதலாளியின் தகரக் கொட்டகையில் அவள் கட்டிய செடிகள் லட்சக்கணக்கில் வெளியே போயிருக்கின்றன. ஒன்றுகூட அவளுடையது என்று போனதில்லை. இது போகும்.

ஆனால் அவசரப்படவில்லை. இப்படி மாறின கிளை சில சமயம் பழையபடி திரும்பிக்கொள்ளும். அதனால் முதலில் இரண்டே இரண்டு மொட்டுக் கட்டி, கொல்லையிலேயே தொட்டியில் வளர்த்து, அவை காய்த்து, அந்தக் காயையும் வெட்டிப் பார்த்து, முள்ளும் விதையும் இல்லை என்று ஊர்ஜிதம் செய்த பிறகுதான் மேற்கொண்டு பெருக்கினாள். அதற்கே மூன்று வருஷம் ஓடிவிட்டது. வெளியே மூச்சு விடவில்லை. விட்டால் மறுநாள் காலை கிளை இருக்காது என்று அவளுக்குத் தெரியாதா, தன் கைப்பையில் ஈரத்துணி வைத்திருக்கிறவளுக்கு?

ஒருநாள் மத்தியான சாப்பாட்டின்போது பாப்பா கேட்டாள். "கடை போட்டா அதுல எனக்கென்ன அண்ணி?"

"நீ கட்டு. உனக்கு வேற என்ன வேலை?" என்று சிரித்துக்கொண்டே டப்பாவை மூடினாள் டாக்டரம்மா. அவள் நடந்தால் நிழல் கூடவே வரப்போகிறது, நிழலிடம் யார் சம்மதம் கேட்கிறார்கள்?

ஏழாவது வருஷம் நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னாள். மனிதர் கோபப்படுவார் என்று நினைத்துப் போனவளுக்கு, "நல்லா இரும்மா, போயிட்டு வா" என்று அவர் சிரித்தது ஆச்சரியமாகத்தான் இருந்தது. பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டாள். பாப்பா இந்த மாசம் முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். சரி, ஒழுங்காகச் சொல்லிவிட்டு வரட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள்.

கடை திறந்த அன்று காலை முதலில் வந்தவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். குடையை மடக்கிக் கேட்டில் மாட்டிவிட்டு, தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா எழுபது எலுமிச்சைச் செடிகளை வாசலில் வரிசை கட்டி வைத்திருந்தாள். ஒரு பழத்தை எடுத்து, அவர் கண் முன்னாலேயே நறுக்கி, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"விதை இருக்கா பாருங்க சார். செடியைத் தடவிப் பாருங்க, முள்ளு கிடையாது. இது வேற எங்கயும் கிடைக்காது."

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இதுவாம்மா? இது எங்க வீட்டு மாடியில இருக்கே."

அவள் சிரித்தாள். வாத்தியார்கள் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவது வழக்கம்தானே. "அது வேற ஏதாவது இருக்கும் சார்."

"வேற என்ன? போன வருஷம் பெரிய நர்சரிக்காரங்களோட வெளித்தோட்டத்துல வாங்கினேன். எனக்குத் தெரிஞ்ச வியாபாரி ஒருத்தர் லாரி லாரியா வெளியூருக்கு ஏத்துறார். முள்ளில்லை, விதையில்லை. இதே பழம். வேணும்னா வந்து பாரு, ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு."

திறந்த அன்றே கேட்டைப் பூட்டிக்கொண்டு அவர் பின்னால் போனாள். படி ஏறும்போது, விதையில்லாத எலுமிச்சை உலகத்தில் இது ஒன்றுதானா, எத்தனையோ இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக, சிமெண்ட் தொட்டியில் இடுப்பளவு செடி. ஐந்து பழம் இருந்தது. கேட்காமலே ஒன்றைப் பறித்தாள். காம்புப் பக்கம் அந்தச் சின்ன மடிப்பு, நுனியில் அந்தக் கூர், கசக்கினால் இலையில் அந்த மணம். தன் வீட்டு மரத்தை அவளுக்குத் தெரியாதா? விதை என்று ஒன்று இருந்திருந்தால் காக்கை கொண்டுபோயிற்று, குப்பையில் முளைத்தது என்று எதையாவது சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். இதற்கு விதையே கிடையாது. தானாக இது ஓர் அடி நகர முடியாது. ஒரு மனிதக் கை கிளையை வெட்டி எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. அந்தக் கொல்லைக்குள் போகிற கை மூன்று ஜோடிதான். ஒன்று அவளுடையது. இன்னொன்றுக்கு எலுமிச்சைக்கும் கிரீஸுக்கும் வித்தியாசம் தெரியாது.

தொட்டி ஓரமாகக் குந்தியவள், பழக்கதோஷத்தில் செடியின் அடித்தண்டைப் பார்த்தாள். ஒட்டுப் பிடித்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில் வடு தெரிந்தது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க, நெட்டுக் கீறலை மேலேயும் குறுக்குக் கீறலைக் கீழேயும் போட்டிருந்தது. அந்தக் குறுக்குக் கீறல் நேராக இல்லை. வலது பக்கம் ஒரு நெல்லளவு சரிந்திருந்தது. சின்ன வயதில் மணிக்கட்டு பிசகி, சரியாகக் கூடாத கை ஒன்று, இருபது வருஷமாகப் போட்டு வரும் சரிவு.

அது அவள் வெட்டு.

வாத்தியார் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது அவள் காதில் விழவில்லை. நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை கண் முன்னால் வந்து நின்றது. முதலாளி வழக்கத்துக்கு மாறாகத் தானே மேஜை வரை வந்தார். பாப்பா ஈரச்சாக்கைப் பிரித்தாள். ஏழு குச்சி, இலை கழித்து, காம்பு மட்டும் விட்டு, சுத்தமாக. கட்டை விரலில் வழவழவென்று ஓடிற்று. முள் நறுக்கின தழும்புகூட இல்லை. டாக்டரம்மா நின்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. வயசான மரத்தின் உச்சிக் கிளையில் முள் குறைந்துபோகும் என்பது தொழில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். தொழில் தெரியாதவளாக இருந்திருந்தால், முள் எங்கே என்று கேட்டிருப்பாள். இவள் தெரிந்தவள், அதனால் கேட்கவில்லை. "பழைய மரத்துக் குச்சி போலிருக்கு. எவ்வளவு நறுவிசா இலை கழிச்சிருக்கே பாப்பா!" என்று பாராட்டி வேறு வைத்தாள். பாப்பா தலையைக் குனிந்துகொண்டு நாடாவைக் கிழித்தாள். பதினோரு மணி டீக்குள் அறுபத்து மூன்று மொட்டு. அடுத்த வருஷம் அதே மாதிரிக் குச்சி சாக்குச் சாக்காக வந்தது. கட்டி முடித்த பைகள் ஒரு வாரத்தில் லாரி ஏறி முதலாளியின் வெளித்தோட்டத்துக்குப் போய்விடும். அங்கே என்ன தழைத்தது என்று போய்ப் பார்க்கிற வேலை அவளுக்கு இல்லை.

தன் மரத்தைத் தன் கையாலேயே, தன் கத்தியாலேயே ஆயிரமாக்கி அவர்களுக்குக் கொடுத்திருக்கிறாள். அதுவும் சிரித்துக்கொண்டு.

அவள் வீட்டுக்குப் போனபோது மத்தியானம் ஆகியிருந்தது. வார விடுமுறை நாள்; பாப்பா கொல்லையில் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் துவைகல்லில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"குச்சியை எப்ப எடுத்தே பாப்பா?"

எந்தக் குச்சி என்று பாப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கையிலிருந்த துண்டை இரண்டாக, நாலாக மடித்து வைத்துவிட்டு, "நாலு வருஷம் ஆச்சு அண்ணி" என்றாள். "உள்பக்கமாப் பார்த்துத்தான் எடுத்தேன். மரத்துக்கு ஒண்ணும் ஆகல."

"மரத்துக்கு ஒண்ணும் ஆகல."

"நீங்க எத்தனை வேலியில கிள்ளியிருக்கீங்க? துக்க வீட்டுலகூட விடல. அன்னைக்கு நான்தானே முன்னால நின்னு மறைச்சேன்."

"அது வேலிடி. இது வீடு."

"வீடு யாரு வீடு? அது எங்க அப்பா வச்ச மரம். நீங்க கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியிலிருந்து அதுக்குத் தண்ணி ஊத்தினவ நான். ஒரு நாளாவது நம்ம மரம்னு சொல்லியிருக்கீங்களா அண்ணி? ஏழு வருஷமா என் கிளை, என் செடி, என் கடை. எனக்கென்னன்னு கேட்டேன். நீ கட்டுன்னீங்க."

டாக்டரம்மாவுக்கு அது ஞாபகம் இருந்தது. டப்பாவை மூடிய சத்தம்கூட ஞாபகம் இருந்தது. ஆனால் அதற்கு இதுவா? முன்னறையை ஒழித்துக் கொடுத்தது, மேஸ்திரியோடு மல்லுக்கு நின்றது, காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தது, எல்லாம் சேர்ந்து ஒரு வார்த்தைக்கு ஈடாகாதா? 

"ஒரு சண்டை போட்டிருக்கலாமேடி. மூஞ்சிக்கு நேரா, எனக்கும் பங்கு வேணும்னு கேட்டிருக்கலாமே. குடுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"கேட்டு வாங்குறது வேற, நீங்களாச் சொல்றது வேற அண்ணி." பாப்பா கையிலெடுத்த துணியை மடிக்காமல் வைத்தாள். "அந்த வருஷம் முதலாளி கூப்பிட்டார். உங்கண்ணி தனியாப் போகப் போறாளாமே, அவ போயிட்டா இடது கைக்காரியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னார்.  அவகிட்ட அப்படி என்ன இருக்குன்னு கேட்டார். சொல்லிட்டேன். எடுத்துட்டு வா, அவ போனதும் உன்னை மேஸ்திரியாக்குறேன்னார். அடுத்த மாசத்துலேர்ந்து நான்தான் மேஸ்திரி."

மாசம் முடித்துவிட்டு வருகிறேன் என்றதும் பொய்யா என்று டாக்டரம்மா நினைத்தாள். நினைக்க நினைக்க ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. மீதி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"எடுத்தே, சரி. குடுத்தே, சரி. அதை எதுக்குடி என் மேஜைக்கே கொண்டுவந்தீங்க? வெட்டுறதுக்கு வேற ஆளே இல்லையா? என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே என் கையில குடுக்கணுமா?"

"முதலாளி வேற மேஜைக்குத்தான் குடுக்கப் பார்த்தார். நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

பாப்பா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கள்ளம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "இருந்ததே ஏழு குச்சி. நீங்க வெட்டினாத்தானே அண்ணி பிடிக்கும்?"

கணவர் செயினை விட்டுவிட்டுத் தலை தூக்கினார். "சரி விடேன். பாப்பா சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டா. எலுமிச்சம்பழம்தானே, என்ன பண்றது?"

 டாக்டரம்மா சார்ப்புக் கூரையில் தொங்கிய கைரம்பத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். மேற்குக் கிளையைப் பிடித்து அடியில் பல்லை வைத்து இழுத்தாள். இரண்டு இழுப்பு. வெள்ளையாகத் தூள் கொட்டியது. மூன்றாவது இழுப்புக்குக் கை எழவில்லை. எதை வெட்டுவது? இதை வெட்டினால் வாத்தியார் வீட்டு மாடியில் இதே கிளை நிற்கிறது. வெளித்தோட்டத்தில் வரிசையாக நிற்கிறது. லாரியில் போன ஊரிலெல்லாம் நிற்கிறது. அவற்றில் எது மூலம், எது நகல் என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது, ஏனென்றால் நகல் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. விதையாக இருந்தால் இது என்னுடையதன் வாரிசு என்றாவது சொல்லிக்கொள்ளலாம். ரம்பத்தை மரத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது, அதுவும் சத்தமாக, வெட்கமில்லாமல்.

அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. கணவர் காலையில் இங்கேயும் சாயங்காலம் அங்கேயும் சாப்பிட்டு, கொஞ்சம் சதை போட்டார்.

டாக்டரம்மா கடையை மூடவில்லை. மூடினால் எங்கே போவது? முதலாளியின் கொட்டகைக்கா? ரோஜாப் போத்து, செம்பருத்தி, பதியம் போட்ட கொடிகள் என்று பிழைப்பு ஓடியது. எலுமிச்சையைப் பார்த்தவர்கள், "பெரிய நர்சரியிலயும் இது கிடைக்குதே, அதுவும் இதுவும் ஒண்ணுதானா?" என்று கேட்டார்கள். ஒன்றுதான் என்று உண்மையைச் சொன்னாள். ஒரே மரம், ஒரே கை. அப்படியானால் எங்கே பக்கமோ அங்கே வாங்கிக்கொள்கிறோம் என்று போனார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

எதிரே உட்கார ஆள் தேடிப் பார்த்தாள். வந்தவர்கள் எல்லோருக்கும் வலது கை. மொட்டுக்கு மேல் இரண்டு பேர் கையும் மோதிக்கொண்டது. ஒருத்தி நாலாம் நாள், "உங்களுக்கு நான் என்ன கட்டினாலும் பிடிக்கலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதும் சரிதான். கடைசியில் டாக்டரம்மா தானே வெட்டித் தானே கட்ட ஆரம்பித்தாள். முதல் தடவை முப்பது கட்டினாள். பதினொன்று பிடித்தது. காய்ந்து கறுத்த பத்தொன்பது மொட்டுகளையும் ஒவ்வொன்றாக நாடா பிரித்துப் பார்த்தாள். இருபது வருஷம் ஊரே சொன்ன கைராசியில் பாதி அவளுடையது இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அதைப் பாப்பாவிடம் போய்ச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பாப்பா. மேஸ்திரிக்குக் கொடுக்கிற நீலக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தாள். அண்ணி உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. டாக்டரம்மா மடியில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு மொட்டுச் செருகுவதை அவள் நின்றபடியே பார்த்தாள். வெட்டிய கையை விட்டால் மொட்டு நழுவுகிறது; விடாவிட்டால் நாடாவைச் சுற்ற முடியவில்லை. கட்டை விரலால் அழுத்திக்கொண்டு மற்ற விரல்களால் சுற்றியதில் நாடா கோணிக்கொண்டு போய் மொட்டின் மேலேயே ஏறியது.

"இறுகிப் போச்சு அண்ணி. மூச்சு முட்டிடும்."

டாக்டரம்மா அதைப் பிரித்தாள். மொட்டு நசுங்கியிருந்தது. எறிந்துவிட்டு இன்னொன்றைச் சீவினாள். கத்தி முனையில் அது ஈரமாக, பச்சையாக உட்கார்ந்திருந்தது. கீறலுக்குள் செருகினாள். அந்தக் கணத்தில், யாரும் சொல்லாமலே, பாப்பாவின் இடது கை நீண்டு வந்து அந்த இடத்தில் நின்றது. இருபது வருஷப் பழக்கம், அவளுக்கே தெரியாமல் வந்தது. நாடாவைக் கொடுத்தால் போதும். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். இந்தப் பையும் பிடிக்கும், அடுத்த பையும் பிடிக்கும்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான் அண்ணி" என்றாள் பாப்பா, மிகவும் மெதுவாக. "வந்து கட்டிட்டுப் போறேன். நம்ம செடின்னுகூட நீங்க சொல்ல வேண்டாம்."

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம் பார்த்தாளோ, மொட்டின் ஓரம் காற்றில் காய்ந்து சுருள ஆரம்பித்துவிட்டது. அவள் அதை எடுத்துக் கீழே போட்டாள்.

"பிடிக்கிறது பிடிக்கட்டும். சாகுறது என் கையாலயே சாகட்டும். நீ கேட்டைச் சாத்திட்டுப் போ."

 பாப்பா கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். டாக்டரம்மா நாடாவின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுத்த குச்சியை எடுத்தாள்.